மாப்பிள்ளைக்கு வந்த பாதுகாப்பு

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு ரயில் என்ஜின் நின்றது. சும்மா நிற்கவில்லை, வேலை பார்த்துக்கொண்டு நின்றது. அதைப் பாதுகாக்க ஒரு துறை வந்து சேரும்வரை அதற்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

பெரிய ரயில் இழுக்கிற ஜாதி என்று நினைத்துவிட வேண்டாம். நாலே சக்கரம், பக்கத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, நான் கை நீட்டினால் எட்டுகிற புகைபோக்கி, அவ்வளவுதான் அதன் உருவம். ஊருக்கு வெளியே சிமென்ட் ஆலை ஓடிய காலத்தில் குவாரியிலிருந்து சூளைக்குச் சுண்ணாம்புக்கல் வண்டிகளை இழுத்தது. போன பாதையிலேயே திரும்பி வந்தது, வேறு ஊர் பார்த்ததில்லை. ஆலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டி, வயிறு நிறையத் தண்ணீர் காட்டி, மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விட்டு, நல்ல வார்த்தை நாலு சொன்னால்தான் அது நகரும். ஏதாவது ஒன்றில் குறை வைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிடும். நான் அதற்குக் கரி போடுகிற வேலையில் இருந்தேன். ஓட்டுகிறவர் ஓய்வுபெற்ற பிறகு ஓட்டவும் ஓட்டினேன்.

ஆலையை மூடியபோது பழைய இரும்புக்காரர்கள் மாப்பிள்ளையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதே சமயத்தில் ஆஸ்பத்திரியின் பாய்லர் உயிரை விட்டிருந்தது. தலைமை மருத்துவரான டாக்டரம்மா நேரில் வந்து பார்த்தார். "இது ஓட வேண்டாம், கொதிச்சா போதும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். லாரியில் ஏற்றி வந்து, இரண்டு துண்டுத் தண்டவாளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தலையிலிருந்து ஒரு குழாயை எடுத்துச் சலவைக்கூடத்துக்குள் விட்டார்கள். மாப்பிள்ளையின் குணம் தெரிந்தவன் என்பதால் என்னையும் கூடவே எடுத்துக்கொண்டார்கள்.

ஓடிய காலத்தைவிட நின்ற காலத்தில்தான் அது நன்றாக உழைத்தது. காலையில் நான் கரி போட்டால் கொஞ்ச நேரத்தில் நீராவி சலவைக்கூடத்துக்குப் போய்விடும். வார்டு விரிப்புகள், அறுவைக்கூடத்துத் துணிகள், புண்ணுக்குக் கட்டுகிற துணிகள் எல்லாம் அதில் வெந்து வெளியே வரும். "என் கையில மாட்டின கிருமி ஒண்ணுகூட பொழச்சதில்ல" என்று சலவைக்காரம்மா பெருமையடித்துக்கொள்வார். கையில் அல்ல, மாப்பிள்ளையிடம்தான் மாட்டின. நான் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

மாதத்தில் ஒரு நாள் மட்டும் நெருப்பை அணைப்போம். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கொதிக்கக் கொதிக்க அது பாய்லருக்குள் ஓடு மாதிரி படிந்துவிடும். அன்று பாய்லரின் அடியில் இருக்கிற பித்தளை மூடிகளையெல்லாம் கழற்றி, ஒரு கோணிச்சாக்கில் வரிசையாக வைத்துவிட்டு, ரப்பர் குழாயை உள்ளே விட்டுக் கழுவுவேன். அன்றைக்கு மாப்பிள்ளையைப் பார்க்கச் சகிக்காது. ஓட்டைகளையெல்லாம் திறந்துபோட்டுக்கொண்டு, ஜில்லென்று, சேற்றுத் தண்ணீர் ஒழுக நிற்கும். மறுநாள் மூடிகளைப் போட்டு நெருப்பு வைத்துவிட்டால் பழையபடி மிடுக்கு வந்துவிடும்.

அப்படி ஒரு கழுவும் நாளுக்கு முந்தின வாரம் என் அக்காவை வார்டில் சேர்த்திருந்தேன். அக்கா தையல்காரி. கால் மிஷினில் உட்கார்ந்தால் உலகம் இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். சர்க்கரை வியாதி வேறு. கீழே கிடந்த ஊசி வலது பாதத்தில் ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பாதம் வீங்கிப் புண் ஆழத்துக்குப் போயிருந்தது.

"கால் தப்பிடுமா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"தப்பிடும். மருந்து பாதி, சுத்தம் பாதி. மருந்த நான் பாத்துக்கறேன், சுத்தத்த நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிச் சிரித்தார். நீராவி என் கையில்தானே இருந்தது, நானும் சிரித்தேன்.

பாரம்பரியப் பாதுகாப்புத் துறை வந்தது அந்தக் கழுவும் நாளில்.

ஒரே ஓர் அலுவலர்தான் வந்தார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். பிறகு எத்தனையோ முறை பார்த்தும் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. டீ குடித்தபோதும் போட்டிருந்தார். அதனால் எங்களுக்கெல்லாம் அவர் கையுறைக்காரர் ஆகிவிட்டார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று கண்ணை மூடித் திறந்தார்.

"இது எவ்வளவு பெரிய பொக்கிஷம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். தினமும் கரி போடறேன், கொதிக்குது."

"தினமுமா?" அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நான் ஏதோ தினமும் அதை அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார். அடியில் படுத்துக்கொண்டு எடுத்தார். சாக்கையும் எடுத்தார், சாக்கின் மேல் இருந்த மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். முடித்துவிட்டு எழுந்தபோது நான் மூடியை மாட்டக் குனிந்தேன்.

"தொடாதீங்க!"

"மாட்டினாத்தான் சார் தண்ணி நிக்கும். நாளைக்குக் காலையில நெருப்பு வைக்கணும்."

"பதிவு பண்ணியாச்சு. பதிவு பண்ணின நிமிஷத்துல எந்த நிலையில இருந்துச்சோ, அதுதான் இனிமே அதோட நிலை. ஒரு மூடி நகர்ந்தா வரலாறே நகர்ந்த மாதிரி."

"இது இன்னைக்கு ஒரு நாள்தான் சார் இப்படி. மத்த நாளெல்லாம் மூடிதான் இருக்கும், கொதிச்சுக்கிட்டுதான் இருக்கும்."

"அப்படின்னு நீங்க சொல்றீங்க. மத்த நாள் எப்படி இருந்துச்சுன்னு எங்ககிட்ட ஆதாரம் இல்ல. இன்னைக்கு எப்படி இருந்துச்சுங்கறதுக்குப் படம் இருக்கு."

சாயங்காலத்துக்குள் ஒரு தச்சர் வந்தார். சாக்கையும் மூடிகளையும் சேர்த்து ஒரு கண்ணாடிப் பெட்டி போட்டுப் பூட்டிவிட்டுப் போனார். மாப்பிள்ளைக்கு முன்னால் ஒரு பலகை நட்டார்கள். 'அசையும் பாரம்பரியச் சொத்து. நிலை: அசையாதது' என்று அதில் எழுதியிருந்தது. நானும் சலவைக்காரம்மாவும் நின்று வாசித்தோம். "எழுத்து நல்லா இருக்கு" என்றார் அவர்.

டாக்டரம்மா விடவில்லை. கையுறைக்காரரை அறையில் உட்காரவைத்து, கட்டுத்துணி என்றால் என்ன, கிருமி என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினார். நான் கதவருகே நின்றேன். கையுறைக்காரர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவரைப்போல் அழகாகக் கேட்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

கடைசியில் சொன்னார்: "மேடம், ஒரு பொருளை அழிக்கிற முதல் எதிரி எது தெரியுமா? உபயோகம். துருகூட ரெண்டாவதுதான். உங்க ஆஸ்பத்திரி இவ்வளவு காலமா இந்த என்ஜினை உபயோகிச்சிருக்கு. நாங்க அதுக்காக உங்க மேல நடவடிக்கை எடுக்கல. அந்தப் பெருந்தன்மையை நீங்க புரிஞ்சுக்கணும்."

"உபயோகிக்காம விட்டா துருப்பிடிச்சுடுமே சார்" என்றேன் நான் கதவருகிலிருந்து.

"துரு இயற்கை. இயற்கையில துறை தலையிடறதில்ல."

சரி, புது பாய்லர் கேட்கலாம் என்று டாக்டரம்மா மேலிடத்துக்கு எழுதினார். 'தங்கள் ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ஒரு பாய்லர் இருக்கிறது. அதுவும் அரசின் முழுப் பாதுகாப்பில் மிக நல்ல நிலையில் இருப்பதாகப் பாதுகாப்புத் துறை சான்றளித்திருக்கிறது. ஆகவே இன்னொன்று தேவையில்லை' என்று பதில் வந்தது. டாக்டரம்மா அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சலவைக்காரம்மா அசருகிற ஆள் இல்லை. பின்வாசலில் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, பெரிய அண்டாவில் துணியைப் போட்டு வேகவைக்க ஆரம்பித்தார். கையுறைக்காரர் ஓடி வந்தார். மாப்பிள்ளையைச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்குள் நெருப்பு கூடாது என்றார். கயிறு சலவைக்கூடம், பின்வாசல், சமையலறையில் பாதி என்று எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"நெருப்பால என்ஜினுக்கு ஆபத்து" என்றார்.

"அது வயித்துக்குள்ளேயே இத்தனை வருஷமா நெருப்புதான் சார் எரிஞ்சுச்சு."

"அது அறியாமைக் காலம்."

அடுத்து ஈரம். ஈரத்துணி பக்கத்தில் காய்ந்தால் இரும்புக்குக் கெடுதல் என்று கொடிக்கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள். துரு இயற்கை என்று சொன்னவர்தான் இதையும் சொன்னார். கேட்டதற்கு, அது கொள்கை, இது நடைமுறை என்றார். பச்சைத் தண்ணீரில் அலசின விரிப்புகள் வராந்தா நிழலில் காய்ந்தன. காயவில்லை என்று சொல்வதுதான் சரி. நோயாளிகள் மேல் அவை கிடந்தபோது வார்டு முழுக்கப் பூஞ்சை வாடை அடித்தது.

நான் வீட்டில் அக்காவின் விரிப்பையும் கட்டுத்துணியையும் தனியாக வேகவைத்து எடுத்துப்போனேன். டாக்டரம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஆனா உங்க அக்கா துணி மட்டும் வெந்தா பத்தாது. பக்கத்துக் கட்டில்லேருந்து இந்தக் கட்டிலுக்கு வரதுக்குக் கிருமி டிக்கெட் எடுக்கணுமா என்ன? வார்டு மொத்தமும் வேகணும்" என்றார்.

அக்கா பாதத்தில் சுண்டுவிரல் கறுக்க ஆரம்பித்திருந்தது.

"உன் மாப்பிள்ளை எப்படிடா இருக்கு?" என்று கேட்டாள்.

"பாதுகாப்பா இருக்குக்கா."

"இருக்கட்டும். யாராவது ஒருத்தராவது இருக்கட்டும்."

இந்தச் சமயத்தில் எனக்கு உத்தியோகம் மாறியது. நெருப்பு போடுகிறவனுக்கு நெருப்பு இல்லாதபோது வேலை இல்லை. துறை என்னை என்ஜினுக்குக் காவலாக நியமித்தது. யாரிடமிருந்து காக்க வேண்டும் என்று கேட்டேன். இதுவரை இதற்கு நெருப்பு வைத்த ஒரே ஆசாமியிடமிருந்து என்றார் கையுறைக்காரர். அது நான்தான் என்று சொன்னேன். "அதனாலதான் உங்களைப் போட்டிருக்கோம். அவரோட பழக்கவழக்கம் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார். தொப்பி ஒன்றும் கொடுத்தார்கள். காலையில் வழக்கமாக எழுகிற நேரத்துக்கே எழுந்து வந்து, மாப்பிள்ளையின் அடுப்பு முன்னால் நின்று, நான் நெருப்பு வைக்காமல் பார்த்துக்கொண்டேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குளிர்ந்த இரும்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும்போது கையும் அப்படியே ஆகிவிடுகிறது.

பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் சாக்கைப் பார்த்தார்கள், பிறகு கையுறைக்காரரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: நீராவி என்ஜின் என்றால் நீராவி எங்கே? துறையில் அதைப் பற்றி நீண்ட ஆலோசனை நடந்தது போலிருக்கிறது. ஒரு நாள் லாரி வந்தது. என்ஜினுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கட்டி அதில் பளபளவென்று ஒரு மின்சார பாய்லரை வைத்தார்கள். அதிலிருந்து தரைக்கடியில் குழாய் பதித்து மாப்பிள்ளையின் புகைபோக்கிக்குள் மேலே கொண்டுவந்தார்கள். பார்வை நேரத்தில் கையுறைக்காரர் ஒரு பொத்தானை அமுக்கினால் புகைபோக்கியிலிருந்து வெள்ளை வெளேரென்று நீராவி கொட்டும். மாப்பிள்ளை தன் ஆயுளில் அப்படி விட்டதில்லை. ஒலிபெருக்கியில் ஊதல் சத்தமும் வரும்.

அந்தப் புது பாய்லரை நான் ஆசையோடு சுற்றிப் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரி மாதிரி மூன்றுக்கு அது போதும்.

"சார், இந்தக் குழாய்ல ஒரு கிளை எடுத்துச் சலவைக்கூடத்துக்கு விட்டுட்டா…"

"கூடாது. இது காட்சி நீராவி."

"நீராவி நீராவிதானே சார். பார்வை நேரம் முடிஞ்சப்புறம் எடுத்துக்கறோம்."

அவர் என் தோளில் கையுறையை வைத்தார். "நீங்க நல்லவர். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். காட்சி நீராவியை நோயாளிக்குக் குடுத்தா அது உபயோகம் ஆயிடும். உபயோகம் ஆயிட்டா இது ஆஸ்பத்திரி பாய்லர். ஆஸ்பத்திரி பாய்லர் வாங்க எங்க துறைக்கு அதிகாரம் இல்ல. இது ஒண்ணுக்கும் உபயோகப்படாதுன்னு எழுதிக் குடுத்துத்தான் வாங்கியிருக்கோம்."

அக்காவின் பாதத்தில் கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. கணுக்காலைத் தாண்டினால் கையை மீறிவிடும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சலவைக்காரம்மாவிடம் போய் என் யோசனையைச் சொன்னேன். அவர் வார்டின் விரிப்பு, கட்டுத்துணி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்.

பார்வை நேரம். கூட்டம் நின்றது. பொத்தானை அமுக்கியதும் நான் கயிற்றைத் தாண்டி, என்ஜின் மேல் ஏறி, புகைபோக்கிக்கு மேலே துணியை ஒவ்வொன்றாகப் பிடிக்க ஆரம்பித்தேன். சூடு கையைச் சுட்டது. அந்தச் சூடு பட்டு எவ்வளவு நாளாயிற்று! எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெந்த துணியை மடித்துப் பக்கத்தில் போட்டேன், அடுத்ததை எடுத்தேன். யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். கூட்டம் கைதட்டியது. "இதத்தான் பாக்கணும்னு வந்தோம்" என்றார் ஒருவர். முன்னால் நின்ற அம்மாள் திரும்பச் செய்யச் சொன்னார்.

நான் இறங்கியபோது கையுறைக்காரர் கண்கலங்கி நின்றார். கோபம் என்று நினைத்தேன், இல்லை, நெகிழ்ச்சி.

"அற்புதம். உழைப்பின் நேரடி விளக்கம். இதைத் தினமும் செய்யணும் நீங்க."

"செய்யறேன் சார். தினமும் மூட்டையைக் கொண்டாரேன்."

"மூட்டை வேண்டாம். துணி நாங்க தருவோம். ஒரே துணி. அந்தக் காலத்து நெசவு." அவர் குனிந்து நான் வேகவைத்து மடித்த துணிகளைப் பார்த்தார். "இதெல்லாம் என்ஜினைத் தொட்டிருக்கே?"

"ஆமா சார்."

"அப்போ இதுவும் காட்சிப் பொருள்தான். இனிமே நகரக் கூடாது."

இன்னொரு கண்ணாடிப் பெட்டி வந்தது. வார்டின் மொத்தத் துணியும் அதற்குள் போயிற்று, அவ்வளவு காலத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சுத்தமாக. அன்று ராத்திரியிலிருந்து மாற்றுத்துணி வரும்வரை நோயாளிகள் வெறும் மெத்தையில் படுத்தார்கள். சலவைக்காரம்மா கண்ணாடி முன்னால் வந்து நின்று தன் விரிப்புகளைப் பார்த்துவிட்டுப் போனார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த ஒரே துணியைப் புகைபோக்கியின் மேல் பிடித்தேன். அதைப்போலச் சுத்தமான துணி உலகத்தில் இருந்திருக்காது. யார் புண்ணிலும் அது பட்டதில்லை.

டாக்டரம்மா ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும். இன்னைக்கே. இல்லேன்னா உயிருக்கே ஆபத்து" என்றார். சரி என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

அக்காவை அறுவைக்கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போனபோது பார்வை நேரம் ஆகிவிட்டது. கையுறைக்காரர் ஆள் அனுப்பினார். போனேன். அக்காவின் காலை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் என்ஜின் மேல் நின்று ஒரு வெள்ளைத் துணியை நீராவியில் பிடித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கைதட்டியது. நான் குனிந்து வணங்கினேன். வணங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அக்கா போர்வையின் தட்டையான இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு காலாலயும் மிஷின் மிதிக்கலாம்க்கா. நான் பாத்திருக்கேன்" என்றேன்.

"மிதிக்கலாம். துணி வெட்ட எழுந்து நிக்கணுமேடா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழவேண்டும்போல இருந்தது, ஆனால் அழுகை எங்கிருந்து வரும் என்பதே மறந்துபோன மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சில வாரம் கழித்துத் துறை ஒரு விழா எடுத்தது. பாதுகாப்பு நிறைவு விழா என்று பெயர். மாப்பிள்ளைக்கு எதிரே பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. முதல் வரிசையில் பயனாளிகள் உட்கார வேண்டும் என்று கையுறைக்காரர் சொன்னார். இந்தப் பாதுகாப்பால் பயனடைந்தவர் யார் என்று டாக்டரம்மா கேட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பயனாளிகள்தான் என்றார் அவர். அப்படி நாலைந்து நோயாளிகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தோம். அக்காவைச் சக்கர நாற்காலியில் நான் தள்ளிக்கொண்டு வந்தேன். டாக்டரம்மா விழாவுக்கு வரவில்லை.

கையுறைக்காரர் பேசினார். நன்றாகவே பேசினார்.

"நண்பர்களே, உலகத்தில் எல்லாமே தேய்கிறது, அழிகிறது, குறைகிறது. ஆனால் இதோ, இந்த என்ஜின்! நாங்கள் இந்த வளாகத்துக்குள் நுழைந்த நாளில் எப்படி இருந்ததோ, இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரு மூடி கூடவில்லை, ஒரு மூடி குறையவில்லை. அதன் மேல் ஒரு கீறல் விழ விடவில்லை. வந்தபோது இருந்ததை வந்தபோது இருந்தபடியே காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்காக யாரும் எந்தத் தியாகமும் செய்யும்படி நேரவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்!"

கைதட்டல் எழுந்தது. ஒலிபெருக்கியில் ஊதல் ஊதியது. புகைபோக்கி வெள்ளையாகக் கொட்டியது. கையுறைக்காரர் மைக்கை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்கு இறங்கி வந்தார்.

"இப்போ நம்ம பயனாளி ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசுவாங்க. அம்மா, நீங்க சொல்லுங்க. எங்க வேலையைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

மைக் அக்காவின் வாயருகே வந்தது. அவள் மாப்பிள்ளையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. நான் வந்து சேர்ந்த அன்னைக்கே என்னையும் ஒரு படம் எடுத்துப் பதிவு பண்ணியிருக்கலாம்" என்றாள்.

கூட்டம் சிரித்தது. நல்ல தமாஷ் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கையுறைக்காரர் சிரிக்கவில்லை. அவர் எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, அக்காவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சட்டத்துல எழுபத்தஞ்சு வருஷம் ஆனதைத்தான்மா நாங்க எடுத்துக்க முடியும். உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தாறு."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "இன்னும் இருக்கே" என்றார். "அதுவரைக்கும் சேதம் இல்லாம இருந்தீங்கன்னா, அவசியம் எனக்குச் சொல்லி அனுப்புங்க."

"சரிங்க" என்றாள் அக்கா.

விழா முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். நான் நாற்காலியைத் திருப்பினேன். வார்டுக்குப் போகிற வழியில் அந்தத் துண்டுத் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும், சக்கரம் ஏறாது. குனிந்து அக்காவை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அன்றும் அதே இடத்தில் அப்படித்தான் தூக்கினேன், அன்றைக்கு மூச்சு வாங்கியது. இப்போது வாங்கவில்லை.